சட்டைப்பையில் சுழன்ற றோட்டர்

வட்டக்கச்சித் தில்லைநாதனின் ஏ-40 கார், ஊர்வாயில் ஏ போட்டி, தொண்ணூற்று நாலாம் ஆண்டு தொடக்கம் றோட்டர் இல்லாமல்தான் ஓடியது. றோட்டர் என்பது டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் நின்று சுழன்று, நாலு பிளக்குக்கும் முறைவைத்து நெருப்புக் கொடுக்கிற, பெருவிரல் அளவான ஒரு கறுப்புச் சாமான். அது இல்லாவிட்டால் எந்தக் காரும் இருமக்கூட மாட்டாது. இந்தக் கார் ஓடியது. ஓடுகிற நேரமெல்லாம் றோட்டர் தில்லைநாதனின் சட்டைப்பைக்குள் கிடந்து தன்பாட்டில் சுழன்றது. அதனால் அவருடைய சட்டைகள் இடப்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழும். மனைவி இராசேஸ்வரி பழைய சேலைத் துண்டை வெட்டி ஒட்டுப்போட்டே அலுத்துப்போனா. ஊருக்கு இது பழகிவிட்டது. சவர்க்காரம் என்ன விலை என்று விசாரிப்பதுபோல, "றோட்டர் பொக்கற்றுக்குள்ள இருக்கோ, அண்ணை?" என்று கேட்டுவிட்டுத்தான் சனம் காரில் ஏறும். கேட்கிற ஒவ்வொரு தரமும் மனுசனுக்கு நெஞ்சு சுருக்கென்னும். அது ஏன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய் பச்சைத் தண்ணிபோல. குளிர்ந்த இயந்திரத்தை அது எழுப்பாது. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு, முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுற்றி எழுப்பினால், பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். வீட்டில் நிற்கிற காரை ஆரும் கேளாமல் கொண்டுபோய்விடுவார்கள் என்று எல்லாரும் றோட்டரைக் கழற்றி வைத்திருந்தார்கள். தில்லைநாதனும் அப்படித்தான். அவரிடம் மிச்சமிருந்த பெற்றோல் ஓர் இருமல் மருந்துப் போத்தலுக்குள், அலுமாரியில், மகள் பிரஷாந்தினியின் பிள்ளைப்பேற்றுக்கென்று தோய்த்து மடித்த துணிகளுக்கு நடுவே இருந்தது. தலைப்பிள்ளை. அதைத் தொடுவதில்லை என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணியிருந்தார்.

அந்த மாசியில் ஒரு காலை, யூலிற்றா தன் புருசன் அந்தோனிமுத்துவைப் பக்கத்துக் குடிசைக்காரரோடு பாயில் தூக்கிக்கொண்டு வந்தா. நாயாற்றிலிருந்து இடம்பெயர்ந்து வாய்க்கால்கரையில் கொட்டில் போட்டிருந்த குடும்பம். அங்கே அவர் மீன் லொறி ஓட்டியவர். மலேரியா தலைக்கேறி, ஆளைத் தெரியாமல் பிதற்றிக்கொண்டிருந்தார். கேட்காமலே காரின் பின்சீற்றில் கிடத்தினார்கள்.

பெற்றோலை மகளுக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதானே! ஆனால் இல்லையென்று சொன்னவன் என்ற பேர் எடுக்க மனுசனுக்கு மனம் வரவில்லை. றோட்டரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே ஹான்டிலைப் போட்டுச் சுற்று சுற்றென்று சுற்றினார். வேர்த்துக் கொட்டியது.

"என்னண்டு தெரியேல்லைப் பிள்ளை, இஸ்ராட் எடுக்குதில்லை."

"தள்ளிப் பாப்பமோ, அண்ணை?" என்றா யூலிற்றா.

ஓம் என்றார். அவா தள்ளினா. ஒழுங்கை முழுக்க, செருப்பும் இல்லாமல், இரண்டு கையாலும் தள்ளினா. இவர் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தார். வாய்க்கால்கரையில் கார் நின்றுவிட்டது. பிறகு ஒரு உழவு இயந்திரம் பிடித்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிறபோது அந்தோனிமுத்துவுக்கு மூச்சு நின்றுபோயிற்று. செத்தவீட்டில் சனம் இவரைத்தான் தேற்றியது: "நீங்கள் என்ன செய்யிறது? பட்ட பாட்டைக் கண்டனாங்கள்தானே." யூலிற்றா தன் கையாலேயே பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தா. அதைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்திரையில் பிரஷாந்தினிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. பார்க்க வந்த மருத்துவிச்சி, இரத்தம் கனக்கப் போகுது, உடனே ஏற்றுங்கோ என்றா. தில்லைநாதன் றோட்டரைப் பூட்டினார், பெற்றோலை விட்டார், சுற்றினார். கார் அசையவில்லை. மயில்வாகனம் மெக்கானிக் சைக்கிளில் பறந்து வந்தார். பிளக்கைக் கழற்றி இயந்திரத்தில் முட்டவைத்துப் பார்த்தார்; நெருப்பு நீலமாகப் பாய்ந்தது. பொயின்ற்றை நெருப்புப்பெட்டிப் பக்கத்தால் தேய்த்தார், காபரேற்றரைக் கழற்றி ஊதினார், எண்ணெய்க் குழாயைச் சப்பிப் பார்த்துத் துப்பினார். "எல்லாம் சரி. இது எடுக்க வேணும். ஏன் எடுக்குதில்லை எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார். போத்தலில் அடிமட்டம்தான் மிச்சம். உள்ளே மகள் "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். உழவு இயந்திரங்கள் எல்லாம் வயலில்.

யூலிற்றா சத்தம் கேட்டு ஓடி வந்தா. மகளை எட்டிப் பார்த்தா. பிறகு காரடிக்கு வந்து இவரைப் பார்த்தா.

"அண்ணை, றோட்டரைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. அண்டைக்கு வைச்ச மாதிரி."

மயில்வாகனம் தலையைக் குனிந்துகொண்டார்.

"லொறிக்காரன்ர பெண்சாதி நான். உங்கட பை தொங்கினதை அண்டைக்கே கண்டனான்."

"கண்டும் ஏன் பிள்ளை தள்ளினனீ?"

"தள்ளினா மனம் இரங்கிப் பூட்டுவியள் எண்டு நினைச்சன்."

தில்லைநாதன் றோட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மிச்சப் பெற்றோலை விட்டு அரைச்சுற்றுத்தான் சுற்றினார். கார் உறுமிக்கொண்டு எழும்பியது. அதே நொடியில் நெஞ்சோடு கறகறவென்று றோட்டரும் சுழலத் தொடங்கியது. தன் புருசன் கிடந்த அதே சீற்றில் பிரஷாந்தினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு யூலிற்றா ஆஸ்பத்திரிவரை போனா. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

பிறகு மயில்வாகனம் எல்லா விதமாகவும் பரிசோதித்தார். றோட்டரைப் பூட்டினால் கார் செத்துவிடும். வேறொருவர் பைக்குள் வைத்தாலும் அப்படியே. தொண்ணூற்றாறில் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் கிழவர்களையும் காயப்பட்டவர்களையும் ஏற்றி இறக்கியது. ஆர் வந்து கேட்டாலும் தில்லைநாதன் ஒரு சொல் மறுத்ததில்லை. ஏற்றியதால் என்ன, பைக்குள் அது சுழல்வது நிற்கவா போகிறது? குற்றம் குற்றம்தான், மனுசனுக்கும் அது தெரியும்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டில் யூலிற்றா நாயாற்றுக்கே திரும்பிப் போக நினைத்தா. தில்லைநாதன்தான் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க, இத்தனை வருசம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பைக் கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக ஓட்டினார். கடற்கரையில் சாமான்களை இறக்கிவிட்டு, றோட்டரை எடுத்து அவாவின் உள்ளங்கையில் வைத்தார். அது நின்றது. காரின் இயந்திரமும் நின்றது.

யூலிற்றா அதில் சிக்கியிருந்த சட்டை நூலை இழுத்து எடுத்தா. பிறகு தானே கிட்ட வந்து அவருடைய பைக்குள் திரும்பப் போட்டா.

"இருட்டுறதுக்கு முன்னம் போய்ச் சேருங்கோ. சட்டை கிழிஞ்சிட்டுது அண்ணை, அக்காவிட்டைச் சொல்லித் தைப்பியுங்கோ."

தில்லைநாதன் ஓம் என்றார். ஹான்டிலைப் போட்டார். முதல் சுற்றிலேயே கார் எடுத்தது.