எட்டு வராது

சென்னை அம்பத்தூரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சீதாராமன் என்றொருவர் காலமானார். திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் அவர் முகத்தைப் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்த உடனே பத்மகுமார் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். செத்தவர் தாயாதி, ஆண்வழிப் பங்காளி. தாயாதி போனால் தீட்டு.

குளித்து வந்தவர் ஈரத் தலையோடு லேப்டாப்பைத் திறந்து, கழக்கூட்டம் கம்பெனியின் மீட்டிங்கில் உட்கார்ந்தார். லேப்டாப்புக்குத் தீட்டு இல்லை. இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. பாதி வீடுகளில் லேப்டாப் இருக்கிறது.

தீட்டு வந்து விழுந்தது அவர் மகள் மீனுவின் தலையில். சனிக்கிழமை மாவட்டக் கணிதப் போட்டி. "புதுக் காரியத்துக்குப் பத்து நாள் தீட்டோட போகப்படாது. அங்கே விளக்கேத்துவா, சரஸ்வதி படம் வைப்பா" என்று பத்மகுமார் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னார். பிறகு மைக்கைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் யாருக்கோ நன்றி சொன்னார்.

மீனு ஒன்பதாம் வகுப்பு. போட்டிக்கு இரண்டு பேர் கொண்ட அணி. ஒருத்தி வராவிட்டால் அணியே கிடையாது. கூட்டாளி ஷெமி, பாறசாலைப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் வாழைப்பழ மொத்த வியாபாரம். போன வருஷம் பள்ளிக்கூடம் ஒரு பரீட்சையும் வைக்காமல் கூடப் படிக்கும் பிரவின்ராஜையும் அவன் சிநேகிதனையும் அனுப்பியது. இந்த வருஷம் இரண்டு பெண்களும் சண்டை போட்டுப் பரீட்சை வைக்கச் சொல்லி, அதில் முதலில் வந்தார்கள். இவர்கள் போகாவிட்டால் மறுபடி பிரவின்ராஜ்தான். அவன் தலைவாரித் தயாராக இருப்பதாகக் கேள்வி.

ஓணம் லீவிலிருந்து பழக்குலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவர்கள் இருவரும். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடையைப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தபடி வழியை வளைத்தால், வளைத்தவள் ஒரு பழம்பொரி வாங்கித் தரவேண்டும். ஷெமி இதுவரை நிறைய வாங்கித் தந்திருக்கிறாள்.

செய்தி கேட்டு ஷெமி போனில் கத்தினாள். "எடீ, பார்க்காத ஆளு செத்ததுக்கு என் படிப்பையும் சேர்த்து ஏண்டீ எரிக்கிய? நான் ஒத்தைக்கு அங்க போய் சுவரைப் பார்த்துட்டு இருக்கணுமா?"

போனை வைத்துவிட்டு மீனு அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, ஏழு தலைமுறைக்குள்ளேன்னாதானே பத்து நாள்? தாண்டிட்டா மூணோட போச்சே. வெள்ளிக்கிழமை தலைமுழுகிட்டு சனிக்கிழமை போகலாமே. எண்ணிப் பாருங்கோ."

பத்மகுமாருக்கும் மகளைத் தடுப்பதில் சந்தோஷம் ஒன்றுமில்லை. விரலை மடக்க ஆரம்பித்தார். அவர்கள் குடும்பத்தில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பேர் வைப்பது வழக்கம். வழிவழியாக எல்லோரும் தலைச்சன்கள். பத்மகுமார் என்பது ஆபீசுக்கும் ஆதாருக்கும்தான், ஆத்துப் பேர் மகாதேவன். அவர் அப்பா சுப்ரமணியன், தாத்தா மகாதேவன், அவர் அப்பா சுப்ரமணியன் என்று மேலே ஏறிப் போய், அம்பத்தூர்க் கிளையும் இந்தக் கிளையும் பிரிந்த களக்காட்டு மகாதேவனிடம் விரல் நின்றது.

"எட்டு!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "எட்டாக்கும், ஸ்ரீலட்சுமி! மூணு நாள்தான்!"

மனைவி ஸ்ரீலட்சுமி உள்ளே போய் யூனிபாரத்தை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள்.

மீனு ஷெமியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். எண்ணைத் தட்டப்போன விரல் நின்றது. மகாதேவனில் ஆரம்பித்து மகாதேவனில் முடிகிறது. நடுவே ஒன்று விட்டு ஒன்று. அப்படியென்றால் மொத்தம் ஒற்றைப்படையாக அல்லவா வரவேண்டும்?

பிழைக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் போனைப் போட்டுப் பேசிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள். வலியசாலையில் பெண்களைப் பிழைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவள் திரும்பி வந்தாள்.

"அப்பா, எட்டு வராது."

"என்னது?"

"பேர் மாறி மாறி வரது. ரெண்டு நுனியிலும் மகாதேவன். எட்டு எப்படி வரும்? நடுவிலே எங்கேயோ ரெண்டு சுப்ரமணியன் அடுத்தடுத்து எண்ணியிருக்கேள்."

பத்மகுமார் மறுபடி விரலை மடக்கினார். "செங்கோட்டை சுப்ரமணியன்... கோட்டைக்குள் சுப்ரமணியன்..."

"செங்கோட்டையிலேருந்து வந்து இங்கே கோட்டைக்குள்ளே வீடு வாங்கினவர்தானே அவர்? ரெண்டு ஊர்லே இருந்தா ரெண்டு ஆளா?"

விரல்கள் தயங்கி, ஏழில் நின்றன. பத்மகுமார் குரலைத் தாழ்த்தினார். "ஏண்டி, வாயை மூடிண்டு இருந்தா போறாதா? நானே எட்டுன்னு சொல்லியாச்சே."

"தப்புக் கணக்கிலே போக எனக்கு வேண்டாம். ஏழுதான். பத்து நாள் தீட்டுதான். ஆனா நான் போறேன்."

"அதெப்படி?"

"இப்போ ஏழு எண்ணினேளே, அதிலே நான் உண்டா?"

"பொண்கொழந்தைகளை யாராவது எண்ணுவாளா? மண்டத்தரம் பறயாதே, அசடு மாதிரி."

"எண்றச்சே நான் இல்லை. தீட்டுக்கு மட்டும் நான் உண்டா? நீங்க எண்ணிக்கையிலே இருக்கேள், மீட்டிங்கிலேயும் இருக்கேள். எண்ணாத என்னை எதுக்குப் பிடிச்சு வைக்கறேள்?"

பத்மகுமார் பதிலுக்கு மனைவியைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. எட்டுக்கு எப்படி ஓடியதோ அப்படியே ஏழுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அவர் கடைசியாக ஒரு சமாதானம் பேசிப் பார்த்தார். "பின்வாசல் வழியாப் போ. ஆட்டோவை அங்கே நிக்கச் சொல்றேன். எதிராத்து மாமி பார்த்தா தெரு முழுக்கப் பாட்டாயிடும்."

மீனு முன்வாசலைத் திறந்துகொண்டு இறங்கினாள். எதிர்வீட்டுக் கிரில்லுக்குப் பின்னால் வடிவாம்பாள் மாமி நின்றிருந்தாள். அந்தத் தெருவுக்குக் கண்காணிப்புக் கேமரா வேண்டாம் என்று போலீசே சொல்லிவிட்டுப் போனதாகப் பேச்சு.

"எங்கேடி காலங்கார்த்தாலே? உங்களுக்குப் பத்தாச்சே?"

"ஆமாம் மாமி, பத்துதான். கணக்குப் போட்டிக்குப் போறேன். எல்லார்கிட்டேயும் சொல்லிடுங்கோ, நான் தனித்தனியாச் சொல்ல நேரமில்லை."

பட்டம் என்ற பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் நாற்பது அணிகள். விளக்கேற்றினார்கள், அது எல்லோருக்கும் எரிந்த மாதிரியே இவளுக்கும் எரிந்தது. ஷெமியும் அவளும் ஒருத்தி பேச்சை ஒருத்தி மறித்துக்கொண்டே கடைசிச் சுற்றுவரை ஏறிப் போனார்கள். அங்கே ஒரு முக்கோணம் கவிழ்த்துவிட்டது. மூன்றாம் இடம். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு அணிகள் மட்டுமே. ஷெமி அந்த முக்கோணத்தைப் பேருந்து முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தாள்.

மீனு தெருவுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி கிரில்லைத் தாண்டியிருந்தது.

"பார்த்தியா?" என்றாள் வடிவாம்பாள் மாமி, நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி. "தீட்டோட போனே, முதல் பரிசு போச்சா இல்லையா?"

சத்தம் கேட்டுப் பத்மகுமார் வாசலுக்கு வந்தார்.

"எங்களுக்குப் பின்னாடி முப்பத்தேழு அணி மாமி" என்றாள் மீனு. "அவா ஆத்திலேயெல்லாம் யார் செத்துப்போனான்னு விசாரிச்சுச் சொல்றேளா?"

மாமி விரலை மடக்கி எண்ணப் போய், பாதியில் விட்டாள். பத்மகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீட்டு வீட்டு வாசலில் நின்று சிரிக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தபோது, தெரு அதையும் பார்த்துவிட்டிருந்தது.