பூட்டுக் கட்சியில் சேர்ந்தேன்

என் மனைவி மணிமொழி இறந்த பிறகும் குடைக் கட்சிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ட்விட்டர் ஸ்பேஸில் கட்சியின் பேச்சுக் கூட்டம் தொடங்கும். முன்பு அது போனுக்குள் நடந்தது. கூட்டம் சேர்ந்ததும் போனில் இடம் போதவில்லை. எங்கள் மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டார்கள்.

மாடியில் எல்லோரும் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். மணிமொழியின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வரும். தெளிவாகவே கேட்கும்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

கையைத் தூக்கினேன். கூட்டத்தை நடத்தும் குமரேசன் அண்ணன் மைக் கொடுத்தார்.

"மணி, நான்தான் திலீபன்."

தொட்டியிலிருந்து ஒரு சிவப்பு இதயம் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது வேணாம். பதில் சொல்லு."

இன்னொரு இதயம் விழுந்தது.

"தோழர், நம்ம ஆளுங்களுக்கு அவங்க லைக் மட்டும்தான் போடுவாங்க" என்றார் குமரேசன் அண்ணன். "உயிரோட இருந்தப்பவே அப்படித்தானே?"

"வீட்ல பேசுவா."

"அது அவங்க சொந்த விஷயம். கட்சிக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் பதில் சொல்லுவா?"

"பூட்டுக் கட்சிக்காரனுக்கு."

உண்மைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு பூட்டுக்காரனுக்கு ஆதாரம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். போன் வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

இதயங்களை வாளியில் அள்ளிக்கொண்டு இறங்கினேன். வீட்டில் எல்லா வாளியும் நிறைந்துவிட்டது. குளிக்க வழியில்லை.

பூட்டுக் கட்சியின் ரத்தினவேல் படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக்கு அங்கேதான் இடம். கழுத்தில் பூட்டு தொங்கியது. சாவி தலைமையகத்தில் இருக்கிறது.

"நேத்துகூட உங்க வீட்டம்மா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "பேர் சொல்லி."

எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நானும் சேரணும்."

"கொள்கை பிடிச்சிருக்கா?"

"என்ன கொள்கை?"

"போதும்."

என் கழுத்தில் ஒரு பூட்டை மாட்டினார். குளிர்ச்சியாக இருந்தது.

"குடைத் தலைவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. உண்மையா இருந்தா கண்டுக்க மாட்டாங்க. பொய்யா இருக்கணும்."

மறுநாள் பூட்டோடு மாடிக்குப் போனேன். படிகள் அன்றைக்கு அதிகமாக இருந்தன. என்னைப் பார்த்ததும் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின.

"துரோகி" என்றார் குமரேசன் அண்ணன். கோபமில்லாமல் சொன்னார். "இனிமே நீங்க அவங்க வீட்டுக்காரர் இல்ல. அந்தப் பொறுப்புலேர்ந்து எடுத்துட்டோம்."

"சரி. மைக் கொடுங்க."

"பூட்டுக்காரனுக்கு ஒரே ஒரு கேள்விதான்."

"அதுவே போதும்."

மைக்கை வாங்கினேன். "உங்க தலைவர் மழையில நின்னதே இல்ல. குடையை விரிக்கவே அவருக்குத் தெரியாது."

தொட்டிக்குள் தண்ணீர் அசைந்தது.

"சகோ" என்றாள் மணிமொழி.

என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பரவாயில்லை.

"சகோ, வெள்ளத்தப்போ இடுப்பளவு தண்ணியில குடையோட நின்னவர் எங்க தலைவர். படம் இருக்கு, அனுப்பவா? எவனோ எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிறீங்க. உங்களுக்கெல்லாம் எதுக்கு அரசியல்? வீட்டுக்குப் போய் அடுப்புல பால் பொங்குதான்னு பாருங்க."

குடைகள் விரிந்தன. எல்லாத் தலைவர்களும் சிரித்தார்கள்.

இறங்கும்போது ரத்தினவேல் வழியை மறித்தார்.

"முதல் நாளே பாலா?" என்றார். "என்கிட்ட அதெல்லாம் சொன்னதே இல்ல."

அவர் முகம் வாடியிருந்தது. நான் விலகி நடந்தேன்.

அவள் போன பிறகு நான் பால் வாங்குவதில்லை. காபி கடையில்தான்.

கதவைத் திறந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். மேடையைத் துடைத்தேன். மிச்சமிருந்தது இரண்டு டம்ளருக்குச் சரியாக வந்தது.

குனியும்போதெல்லாம் பூட்டு டம்ளரில் இடித்தது. நாளைக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே இரண்டையும் ஆற்றினேன்.