சிட்டுக்குப் பயம் காட்டிய கதை

தெரியாத ஆளை உள்ளே விடாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி. முதலாளியின் மச்சானையே அடையாள அட்டை இல்லையென்று இருபது நிமிடம் வெயிலில் நிறுத்திய மனுஷன். அப்பேர்ப்பட்டவருடைய ஆறு வயது மகளுக்கு, இந்த உலகத்தில் தெரியாத ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது.

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். ஏழாவது குரோமோசோமில் ஒரு துணுக்கு குறைகிறதாம். அதனால் இதயத்தில் கோளாறு, படிப்பு மெதுவாகத்தான் ஏறும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள், யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு போய் ஒட்டிக்கொள்வாள். பெற்றவர்கள் அன்றைக்கு இதயத்தைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டார்கள். விவரம் போதாது.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் சிட்டு, வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், ஒரு முட்டை வியாபாரியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு போய்விட்டாள். நல்லவேளை, அவரே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூணு மணிக்கு விட்டுடறோம். நீங்க மூணேகாலுக்குத்தான் வர்றீங்க. அந்தக் கால் மணி நேரம் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கணும். இன்னொரு தடவை யார்கூடயாவது போனா, வேற ஸ்கூல் பாத்துக்குங்க சார்."

வேறு பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஐந்து. எல்லாரும் ரொம்ப மரியாதையாகத்தான் முடியாது என்றார்கள்.

அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் ஆறு மணிவரை வேலை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் முடிவதே மூன்று மணிக்குத்தான். ஆகவே அப்பாதான் வாத்தியார். "தெரியாதவங்க கூப்பிட்டா?" "போகமாட்டேன்!" கிளிப்பிள்ளை மாதிரி ஒரு வாரம் ஒப்பித்தாள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பரீட்சை வைத்தார். கட்டடத்துக்குப் புதிதாக வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளிக்கூட வாசலுக்கு அனுப்பிவிட்டு, இவர் ஒரு வேனுக்குப் பின்னால் பதுங்கினார்.

"பாப்பா, அப்பா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"வரமாட்டேன். தெரியாதவங்ககூட வரக் கூடாது."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"உங்க பேரு என்ன? சாப்ட்டீங்களா? கையில ஏன் கறுப்பா இருக்கு?"

மெக்கானிக் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், பாவம். சிட்டு எழுந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுடுச்சே. வாங்க, போலாம்."

இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார் அப்பா. நல்ல வழி இல்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கூட வந்தால் ஒரு அதட்டு அதட்டிவிடு தம்பி, அழுதாலும் பரவாயில்லை, ஒரு தடவை பயந்துவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று சொல்லி வைத்திருந்தார். மெக்கானிக் வேன் பக்கம் பார்த்தான். அப்பா தலையாட்டினார்.

"ஏய்! யாரு என்னன்னு தெரியாம வந்துடுவியா? தூக்கிட்டுப் போயிடுவேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. சிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். உதடு பிதுங்கியது, கண்ணில் நீர் கட்டியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தார் அப்பா. சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே விளங்கவில்லை. சத்தம் ஓய்ந்ததும் அவள் கையை எடுத்தாள். இன்னும் கிட்டப் போனாள்.

"யாரு மாமா உங்கள திட்டினாங்க?" என்று அவன் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னால முடியாதுண்ணே," என்றான் மெக்கானிக், வேனைப் பார்த்து.

திங்கட்கிழமை காலையில் அப்பா மேலாளரிடம் போய் நைட் ஷிப்ட் கேட்டார். எட்டு வருஷமாக, நைட் கொடுத்தால் வேலையையே விட்டுவிடுவேன் என்று சண்டை போட்டுவந்த ஆள்.

"என்னய்யா திடீர்னு?"

"என் பொண்ணுக்கு யாரையும் சந்தேகப்பட வராது சார். அவளுக்கும் சேத்து நான்தான் படணும். மூணு மணிக்கு நான் அவ ஸ்கூல் கேட்ல நிக்கணும்."

மேலாளர் ஒரு படிவத்தை எடுத்தார். "எத்தனை மாசத்துக்குன்னு போட?"

"நான் இருக்கறவரைக்கும் சார்."

மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'நிரந்தரம்' என்று எழுதிக்கொண்டார்.