பன்னிரண்டாவது போல்ட்டு

லயல் ஹாக்கிங் 2006-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். 2013 ஆகஸ்டில் வெளியே வந்தார். நடுவில் அவர் எழுந்ததே இல்லை என்று சிலர் சொல்வது தவறு. முதல் வாரத்தில் மூன்று முறை எழுந்தார். வடக்கே புயலடித்துத் தோட்டமெல்லாம் சாய்ந்து, வாழைப்பழம் கிலோ பதினாலு டாலர் விற்ற வருஷம் அது. இரும்பாலை ஊரான வையாலாவில் எங்கள் தெருச் சுவர்கள் எல்லாமே இரும்புத் தூசியில் சிவந்திருக்கும். ஹாக்கிங் வீட்டுக் கார் ஷெட்டும் அப்படித்தான். அதற்குள் நான்கு ஸ்டாண்டின்மேல் ஏறி நின்ற வெள்ளைக் கார் லயலுடையது அல்ல, அவர் மகன் டேனுடையது.

டேன் இரும்பாலையில் வெல்டிங் பழகிக்கொண்டிருந்தான், வயது பத்தொன்பது. இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற இடத்தில் கம்பெனி வைத்த வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு, ஆறு தனிக் குழாய்களாக வளைந்து இறங்கும் பெண்ட் பைப்பை மாட்டினால் வண்டிக்குக் கொஞ்சம் வேகம் கூடும், நிறையச் சத்தம் கூடும். பத்தொன்பது வயதுக்கு இரண்டாவதுதான் முக்கியம். இதற்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவனை எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். ஒரு சனிக்கிழமை, ஒரு பெட்டி பீர், இரண்டு பேர், வீட்டிலேயே முடிகிற வேலை. டேன் பழையதைக் கழற்றி, போல்ட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்து, அப்பாவுக்காகக் காத்திருந்தான். வருகிற சனிக்கிழமை செய்யலாம் என்றார் லயல். அந்தச் சனிக்கிழமை கால்பந்து இருந்தது. அடுத்ததில் மீன்பிடிக்கப் போனார். அதற்கடுத்ததில் முதுகுவலி. இப்படிப் பதினொரு சனிக்கிழமை ஓடியது, கார் மட்டும் ஓடவில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் டேன் நண்பனின் காரில் போர்ட் அகஸ்டாவுக்குப் போனான். வழியில் கங்காரு குறுக்கே பாய்ந்தது. காரிலிருந்த மூவரில் இருவர் எழுந்து வந்தார்கள். சொந்தக் கார் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் என்று யாரும் லயலிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

அடக்கம் முடிந்த மறுசனிக்கிழமை லயல் பெண்ட் பைப்பைத் தூக்கிக்கொண்டு காருக்கு அடியில் போனார். பன்னிரண்டு போல்ட்டில் பதினொன்றை மத்தியானத்துக்குள் இறுக்கிவிட்டார். பன்னிரண்டாவது இன்ஜினின் பின்கோடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கையை வளைத்து நீட்டி ஸ்பானரை மாட்டினால் ஒரு நகம் அளவுதான் திருப்ப முடியும். எடுத்து மறுபடி மாட்டி மறுபடி ஒரு நகம் அளவு. யார் வீட்டிலும் அது அப்படித்தான். ஆனால் இந்த போல்ட்டு திரும்பிக்கொண்டே இருந்தது, இறுகவில்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லயல் அதை விட்டுவிட்டுச் சிறுநீர் கழிக்க எழுந்தார். போல்ட்டு தானாகப் பின்னோக்கிச் சுழன்றது. திரும்பி வருவதற்குள், டேன் வளர வளரக் கதவு நிலையில் பென்சிலால் போட்டிருந்த உயரக் கோடுகள் எல்லாம் மறைந்திருந்தன. வியாழக்கிழமை எழுந்தபோது டெலிபோன் மெஷினில் பதிவாகியிருந்த அவன் குரல் போயிற்று. வெள்ளிக்கிழமை எழுந்தபோது, அவர் மனைவி ரேலீன் அடுப்படியில் நின்று, பிள்ளையின் கண் என்ன நிறம் என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை. டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதை லயலிடம் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு லயல் ஸ்பானரை விடவில்லை.

ஏழு வருஷம் என்பது சொல்வதற்கு இரண்டு வார்த்தை. தூக்கத்திலும் தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி அவர் கை போய் வந்துகொண்டிருந்தது. இயற்கை உபாதைக்கு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று ஒரு பாத்திரம் உண்டு. இரும்பாலை மேற்பார்வையாளர் வந்து அரைமணி நேரம் லயலின் பூட்ஸிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். 2007-இலும் 2010-இலும் தேர்தல் வந்தது. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் அதிகாரி மண்டியிட்டுச் சீட்டை உள்ளே நீட்டினார், லயல் இடது கையால் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே விருப்ப வரிசை எண்களை எழுதினார், கிரீஸ் பட்டாலும் சீட்டு செல்லும் என்று குறிப்பு எழுதப்பட்டது. பதிவு காலாவதியான வண்டியைப் பற்றி விசாரிக்க வந்த நகராட்சி ஆள் குனிந்து பார்த்து, 'பழுதுபார்க்கப்படுகிறது' என்று எழுதி ஆறு மாதம் தவணை கொடுத்தார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதையே எழுதினார். ரேலீன் தினமும் காலையில் வெந்நீர் கொண்டுவந்து அவர் பாதங்களைக் கழுவிக் காலுறை மாற்றினார். புருஷனின் முகத்தைவிடக் கால் விரல்கள்தான் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. தான் ஒருநாள் பக்கத்தில் போய்ப் படுத்தால் என்ன என்று அவர் நினைக்காமல் இல்லை. படுத்தால் ஏதாவது பேச வேண்டி வரும் என்ற பயம்.

சனிக்கிழமைகளில் தெரு ஆண்கள் வந்தார்கள், வெறுங்கையோடு வரவில்லை. வளைத்த ஸ்பானர், குட்டையாக அறுத்த ஸ்பானர், தேய்த்து மெலிதாக்கிய ஸ்பானர் என்று எண்பத்து மூன்று சேர்ந்தன. காலடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கால்பந்தைப் பேசினார்கள், கடலில் கணவாய் மீன் வரத்தைப் பேசினார்கள், டேனைப் பேசவில்லை. அடுத்தவன் கையிலிருக்கிற ஸ்பானரை, அவனாக 'இந்தா பிடி' என்று நீட்டாமல், யாரும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. லயல் நீட்டவில்லை. இவர்களும் மரியாதைக்காரர்கள். எதிர்வீட்டு நெவில், ஓய்வுபெற்ற ஃபிட்டர், மூன்றாம் வருஷம் ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்: இத்தனை சுற்றுக்கு அந்த போல்ட்டு இன்ஜினையும் வேலியையும் துளைத்துக்கொண்டு முந்நூறு மீட்டர் தாண்டி, தெருக்கோடி மீன் வறுவல் கடையில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். போய்ப் பார்த்தார். அங்கே இல்லை. சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, குளிர் காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரேலீன் காதில் ஒரு வித்தியாசம் பட்டது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிற 'டக்' தாமதமாக வந்தது. அடுத்தது இன்னும் தாமதம். ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார். ஐந்து ஆண்கள் ஆளுக்கொரு ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"கை வரல, ரே," என்றது காருக்கு அடியிலிருந்து லயலின் குரல்.

நீளமான ஸ்பானர் ஒன்று தரட்டுமா என்று நெவில் கேட்டார்.

"உங்க ஸ்பானரையெல்லாம் கொண்டுபோய்க் கடல்ல போடுங்கப்பா," என்றார் ரேலீன். கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மல்லாந்து படுத்து, தரையில் முதுகைத் தேய்த்து உள்ளே நகர்ந்தார். "தள்ளிப் படு."

"இது உனக்கு வராது."

"துணி காயப்போடறது உனக்கு வராது. தள்ளு."

லயல் தள்ளினார். ரேலீன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பானரை வாங்கினார். எந்தப் பக்கம் என்று கேட்டார். உன் பக்கம் இழு, கொஞ்சம், போதும், எடுத்து மாட்டு என்றார் லயல். டக் என்றது. வெளியே நின்றவர்களுக்கு நான்கு கால்கள் தெரிந்தன. பேச்சும் கேட்டது, கேட்காத மாதிரி நின்றார்கள்.

"அடுத்த சனிக்கிழமைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்றார் லயல்.

"தெரியும்."

டக்.

"அவன் அன்னிக்குப் போறதா இல்ல," என்றார் ரேலீன். "வீட்லயே இருக்கேன்னான். நான்தான், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஏன்டா உக்காந்திருக்க, அவங்களோட போயேன்னு தொரத்தினேன்."

லயல் முகத்தை அவர் பக்கம் திருப்பினார். டக் என்பது நேரத்துக்கு வந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அடியில போய்ப் படுத்துட்டியே."

பிறகு இரண்டு கால்கள் வெளியே வந்தன, அவற்றைத் தொடர்ந்து லயல் முழுதாக வந்தார். தாடி துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. யாரும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை, ஆனால் எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். லயல் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்து இரண்டு நாள் தூங்கினார். கதவு நிலையை ரேலீன் பிறகு பார்த்தார். போன கோடுகள் வரவில்லை. ஆனால் புதிதாக எதுவும் போகவில்லை, டேனின் அறையில் அவன் ஜாக்கெட் வாசனை அப்படியே இருந்தது. லயல் வெளியே வந்த அன்றே சாயங்காலம் நாலு மணிக்கு, எழுபத்தோரு வயது நெவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்து, கொஞ்ச நேரம் என்னிடம் கொடு ரேலீன், முதுகு மரத்துப் போயிருக்கும் என்றார். அதுவரை எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரேலீன் கொடுத்தார்.

இப்போது ஹாக்கிங் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஒரு ஆளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம். உடம்பு முடியாதவர்களுக்கு ஒன்று. மதம் பரப்பக் கதவைத் தட்டிய இரண்டு இளைஞர்கள்கூட ஆளுக்கு அரைமணி படுத்துவிட்டுத்தான் போனார்கள். 2017-இல் நெவில் இறந்தபோது அவர் முறையை மகள் எடுத்துக்கொண்டாள். 2020-இல் யாரும் வெளியே வரக்கூடாது என்றபோது போல்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் போலீஸ் சீட்டு எழுதிக் கொடுத்தது. லயலும் ரேலீனும் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருவரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள், சில நாள் டேனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன் கண் நிறத்துக்கு ரேலீன் இன்னமும் லைசென்ஸைத்தான் பார்க்கிறார். போன மாதம் நெவிலின் பழைய வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி குடிவந்தது. ரேலீன் கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பட்டியலைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது எப்போது இறுகும் என்று விசாரித்தாள்.

"அது இறுகாதும்மா," என்றார் ரேலீன். "குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை. உங்க முறை வியாழன் நாலு மணிக்கு. பழைய சட்டையா போட்டுட்டு வாங்க."