இடது காது மச்சம்

"ஆடாத புள்ள... ஆடாத! ஏட்டி, அவ தலையைப் பிடி!"

ஓடுகிற வேனுக்குள் முழங்காலிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் காதில் கண்மைப் பென்சிலால் மச்சம் வைத்துக்கொண்டிருந்தான் பிரின்ஸ். பள்ளம் வந்தபோதெல்லாம் பென்சில் கன்னத்துக்கு வழுக்கியது. எச்சில் தொட்டுத் துடைத்தான். மறுபடி வைத்தான்.

"மெதுவா ஓட்டுலே நம்பி!"

"மெதுவா போனா அந்தம்மா ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்குள்ள தேட வந்திருவாவன்னு நீங்கதான சார் சொன்னிய," என்றான் டிரைவர் நம்பிராஜன்.

குழந்தையை மடியில் வைத்திருந்தவள் நிதானமாகச் சொன்னாள்.

"சார், வலது காது இல்ல. எடது காது."

பென்சில் நின்றது. பிரின்ஸ் செல்லை எடுத்துப் பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். இடது காதுதான்.

"நிய்யி எப்பட்டி போட்டோவப் பாத்த?"

"நீங்க செல்ல நோண்டையில எட்டிப் பாத்தேன் சார்."

"கெட்டிக்காரி! ஒம் பேரென்ன சொன்ன?"

"மாரி."

"இன்னைக்கு நிய்யி மாரி இல்ல. முத்துசெல்வி. புள்ள பேரு இசக்கி. ஆபீஸ்ல நாங்க ஏஞ்சல்னு மாத்தி வச்சிருக்கோம். மறந்திராத."

"மறக்க மாட்டேன் சார்."

மறக்கிறவளாக இருந்தால் இந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டாள். இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் கண்முன்னாலேயே இவன் முகத்திரையைக் கிழிக்க வேண்டும். இன்றைக்கே கிழிக்க வேண்டும். அதற்காக அவள் கும்பிட்டாள், குனிந்தாள், 'சார் சார்' என்றாள். அவன் கழுத்து வேர்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கப் பார்க்க, பசித்த வயிற்றுக்குள் சுடுகஞ்சி இறங்குவதுபோல் இருந்தது அவளுக்கு.

மடியில் இருந்தது பக்கத்து வீட்டு சங்கரேஸ்வரியின் மகள் பவி. பரோட்டா ஆசை காட்டித்தான் கூட்டிவந்திருந்தாள். அது பிரின்ஸுக்கும் தெரியும். 'ஒரு புள்ளையும் ஒரு பொம்பளையும் வேணும்லே. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கணும்னு சட்டமில்ல' என்றுதான் அவன் நம்பிராஜனைக் காலையில் விரட்டியிருந்தான்.

விரட்டாமல் என்ன செய்வான்? 'நாணற்பெட்டி தாய்சேய் ஊழியம்' என்று வேனின் பக்கவாட்டில் நீலத்தில் எழுதியிருந்தது. கைக்குழந்தையோடு கஞ்சிக்கு வழியில்லாமல் நிற்கிற தாய்மாருக்குப் பால் பவுடர், சத்துமாவு, பிளானல் துணி, குளிப்பாட்டத் தொட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வேன். ஒவ்வொரு தாய்க்கும் பிள்ளைக்கும் வெளிநாட்டுச் சபை ஆள் ஒருவர் பணம் அனுப்பிப் பொறுப்பு ஏற்றிருந்தார். மாதாமாதம் வீடு வீடாக நடந்தது கிருபா என்ற பெண். தென்காசி ஆபீஸில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் போட்டோவை அனுப்பிவைத்தவன் ஒருங்கிணைப்பாளர் பிரின்ஸ்.

இப்போது பொறுப்பாளர்களில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குற்றாலத்தில் இறங்கிவிட்டார். 'என் ஏஞ்சலைப் பாக்கணும். இன்னைக்கே.'

*

சுகிர்தா அம்மா லாட்ஜ் வராந்தாவில் நின்றிருந்தார். வீரகேரளம்புதூரில் பிறந்து, லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சாரல் முகத்தில் அடிப்பதைத் துடைக்காமல் குழந்தையையே பார்த்தார்.

"ஸ்தோத்திரம்மா!" பிரின்ஸ் இரண்டு கையையும் கூப்பினான். "இதான் நம்ம ஏஞ்சல். இவ தாயார் முத்துசெல்வி. தாய்மார் மொகத்தப் போட்டோவுல காட்டக் கூடாதுன்னு ஊழியத்துல ஒரு சட்டம். அதான் நீங்க பாத்திருக்க மாட்டிய."

கிருபா போட்ட சட்டம் அது. இல்லாதவள் முகம் ஊரெல்லாம் சுற்றக் கூடாது என்று. அந்தச் சட்டம் இன்று தனக்குக் கை கொடுக்கும் என்று பவியை வைத்திருந்தவள் எண்ணிப் பார்த்ததில்லை.

"லைவ்ல போட்டிருவோமாம்மா?" பிரின்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அங்கன காலை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் டீ குடிச்சிட்டு இருப்பாவ. ஏஞ்சலப் பாத்தா இன்னும் நாலு பேரு முன்வருவாவ."

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்று சுகிர்தா அம்மா செல்லைக் கொடுத்தார். அதைக் குச்சியில் மாட்டி நம்பிராஜன் கையில் திணித்தான் பிரின்ஸ். திரையில் ஸ்வெட்டர் போட்ட தமிழ் முகங்கள் கும்பலாகக் கையசைத்தன.

"அவிய எல்லாரும் நாம பேசுதத கேப்பாவளா சார்?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணு விடாம கேப்பாவ. நல்லா பேசு."

"சரி சார். நல்லா பேசுதேன்."

சுகிர்தா அம்மா பவியின் காதைத் தொட்டார். பிரின்ஸ் மூச்சை அடக்கினான். விரல் மச்சத்துக்கு ஒரு நூல் தள்ளி நின்றது.

"இந்த மச்சத்தைப் பாத்துதான் இவதான் வேணும்னு எடுத்தேன். எங்க அம்மைக்கும் இங்கனதான் இருந்துச்சு." பிறகு அவளிடம் திரும்பினார். "தொட்டி அனுப்பினோமே, குளிப்பாட்டினியா?"

"குளிப்பாட்டாமயா?" அவள் குரல் சட்டென்று வேறாகிவிட்டது. "மொதநாளு அலறினா பாருங்க, தெருவே கூடிட்டு. மறுநாள்லருந்து வெளிய எடுத்தாத்தான் அழுகை. ரெண்டு கையாலயும் தண்ணிய அடிச்சு எம் மூஞ்சியெல்லாம் நனைப்பா. மூக்கத் துடைச்சிட்டு நிமிந்தா மறுபடி அடிப்பா. பொக்கை வாயக் காட்டிச் சிரிப்பா. 'ஏட்டி, ஒனக்குக் குத்தால அருவியே பத்தாதுட்டி'ன்னு சொல்லுவேன்."

சுகிர்தா அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நம்பிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிரின்ஸ் அசந்துபோனான். சினிமாவில் இருக்க வேண்டியவள்!

"அத்த... பரோட்டா?" என்றது குழந்தை.

பிரின்ஸ் குழந்தைக்கும் செல்லுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அத்தையா?" என்றார் சுகிர்தா அம்மா.

"தெருப்புள்ளைக எல்லாம் என்னை அத்தைன்னுதாம்மா கூப்பிடும். அதுகளக் கேட்டு இதுவும் அப்படியே."

"கிருபா எங்க? அவதான எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா? ரெண்டு வருசமா சத்தமே இல்லையே."

"கல்யாணம் ஆயி கோயம்புத்தூர் போயிட்டாம்மா," என்றான் பிரின்ஸ் கண் சிமிட்டாமல்.

நம்பிராஜன் இருமினான்.

"சரி. வீட்டைப் பாக்கணும்," என்றார் சுகிர்தா அம்மா.

"வீடா? ரோடெல்லாம் சேறும்மா. வண்டி போகாது."

"நான் என்ன சீமையிலயா பொறந்தேன்? சேறு மிதிச்சு வளந்தவதான்."

பிரின்ஸ் அவள் பக்கம் குனிந்து பல்லுக்குள் பேசினான். "என்னட்டி செய்ய?"

"பயப்படாதிய சார்," என்று அவளும் மெல்லச் சொன்னாள். "இலத்தூர்ல நமக்கு வேண்டியவ ஒருத்தி இருக்கா. அவ இருக்க எடத்தக் காட்டிருவோம். நான் பாத்துக்கிடுதேன்."

"ஒன்னைய மறக்க மாட்டேன்ட்டி," என்றான் பிரின்ஸ்.

'மறக்க மாட்டே' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

இலத்தூர்க் குளத்தங்கரையில் வண்டி நின்றது. வீடு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. தளும்பிய குளம், கரையோரம் உடைமரங்கள், தூரத்தில் மேகம் மூடிய மலை. அவள் பவியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்தாள். பின்னால் சுகிர்தா அம்மா. லைவ் ஓடுகிற செல்லைப் பிடித்தபடி நம்பிராஜன். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் தத்தித் தத்தி பிரின்ஸ்.

ஓர் உடைமரத்தடியில் அவள் நின்றாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது. வெயில் தின்று நிறம் வெளுத்த குழந்தைத் தொட்டி. காற்று தூக்காமல் இருக்க மேலே கல். பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் கிருபாவின் குண்டு எழுத்து இன்னும் அழியவில்லை: இசக்கி.

"இது நாங்க குடுத்த தொட்டில்லா?" சுகிர்தா அம்மா குனிந்தார். "இங்கன ஏன் கெடக்கு?"

அவள் முந்தானையை மழைநீரில் நனைத்தாள். பவியின் இடது காதை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். மச்சம் கரைந்து கறுப்பாய் வழிந்தது.

"இவ பேரு பவிம்மா. பக்கத்து வீட்டுப் புள்ள. மச்சம் உள்ளவ இந்தத் தொட்டிக்குக் கீழ படுத்திருக்கா."

திரையில் கையசைத்துக்கொண்டிருந்த முகங்கள் அப்படியே உறைந்தன.

"லே நம்பி! செல்ல அமத்து!" பிரின்ஸ் பாய்ந்தான். நம்பிராஜன் செல்லைத் தலைக்கு மேல் உயர்த்தினான். அவன் ஆறடி. பிரின்ஸ் எம்பிப் பார்த்து, சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான்.

"கேட்டுக்கிடுங்கம்மா," என்றான் நம்பிராஜன். "இசக்கி முதல் பொறந்தநாளே பாக்கல. மத்தியானம் காய்ச்சல்ல வலிப்பு வந்துட்டு. கிருபா போன் பண்ணி வண்டி கேட்டா. 'வண்டி கெளம்பிட்டு, அங்கனயே நில்லு'ன்னாரு சார். அப்ப வண்டி எங்க நின்னுச்சு தெரியுமா? அஞ்சருவியில. சீசன் கூட்டத்த ஏத்தி எறக்கி வாடகைக்கு ஓடுது. 'சவாரிய முடிச்சிட்டுப் போலே, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது'ன்னு எங்கிட்ட சொன்னாரு. வரும் வரும்னு வேற வண்டி பிடிக்காம ஆத்தாக்காரி வாசல்லயே நின்னா. நான் போய்ச் சேரும்போது புள்ள தோள்லயே அடங்கிப்போச்சு."

"பொய்!"

"கிருபா நியாயம் கேட்டா, வேலையை விட்டே தொரத்திட்டாரு. அவளுக்குக் கல்யாணமும் ஆகல, கோயம்புத்தூரும் போகல. செத்த புள்ளைக்குப் பதிலா வேற வேற புள்ளையளப் பிடிச்சு, மச்சம் வச்சு, ஒங்களுக்குப் போட்டோ அனுப்பிட்டே இருந்தாரு."

சுகிர்தா அம்மா தொட்டியின் மேல் கை வைத்தபடி அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

பிரின்ஸ் சேற்றிலிருந்து எழுந்தான். மூளை மின்னல் வேகத்தில் ஓடியது. ஒரே ஒரு வழி இருந்தது. அவளை நோக்கி விரலை நீட்டினான்.

"இவள நம்பாதியம்மா! இவ கூத்தாடி! ஒங்க முன்னால நடிக்கதுக்கு நான் காசு பேசிக் கூட்டிட்டு வந்த பொம்பள! இவ முத்துசெல்வியே இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நம்பிராஜனின் கையிலிருந்த செல்லை அண்ணாந்து பார்த்தான். திரையில் அத்தனை முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் இத்தனை அழகாக வந்திருக்காது. அவன் வாயாலேயே வந்துவிட்டது.

"நடிப்பா?" சுகிர்தா அம்மா மெல்ல நிமிர்ந்தார். "அப்ப அந்தத் தொட்டிக் கதை? தண்ணிய அடிச்சு மொகத்த நனைச்சது?"

பிரின்ஸுக்கும் அந்தக் கேள்வி அப்போதுதான் பட்டது. பென்சிலைப் பிடித்த தன் கையைப் பார்த்தான். 'சார், எடது காது.'

"ஏட்டி... நிய்யி... யாருட்டி?"

அவள் பவியை இறக்கிவிட்டு, தொட்டியின் மேல் ஒட்டியிருந்த சருகை முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எங்க வாசல்ல வந்து நின்னிருந்தியன்னா இன்னைக்கு இந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டிய சார். மாரிங்கறதுதான் பொய். நீங்க எனக்குப் போட்ட வேசம்தான் நெசம். நான்தான் முத்துசெல்வி. இங்கன படுத்திருக்கவளுக்கு அம்மை."