அயுத்தயாவில் துஷ்டி

"இறங்குட்டி, எல்லாரும் இறங்கியாச்சு, நாம ரெண்டு பேருதான் இன்னும்..."

"நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்ஙனயே..."

"...உக்காந்திருக்கோம். டிரைவர் பாக்குதான், கொடி பிடிச்ச கைடு பாக்குதான்..."

"...இருக்கேன்னு சொல்லுதேன்ல. கோயிலுக்குள்ள நான் வரக்கூடாது."

"முந்தாநாள் தலைவலின்னே. நேத்து கால்வலின்னே. இன்னைக்கு என்ன வலி?"

"இன்னைக்கு வலி எதும் இல்ல. கேட்டா, வருஷம் திரும்பலைன்னு சொல்லுவேன். உள்ளதுதான?"

வேங்கடேசன் பஸ்ஸின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அம்புஜவல்லி ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கரிந்த செங்கல் கோபுரங்கள் வரிசையாகச் சரிந்து நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள் என்று சொல்வதற்கில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஆவணி மாதம். தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்று, அதிகம் விற்றுக் கொடுத்த பன்னிரண்டு கடைக்காரர்களை மனைவிமாரோடு பாங்காக்குக்குக் கூட்டி வந்திருந்தது. மூன்றாம் நாள் சயாமின் பழைய தலைநகரான அயுத்தயா. காலையில் போய் மதியத்துக்குள் திரும்ப வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வேங்கடேசன் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். இங்கே ஓர் இடிந்த கோயிலில் அரசமர வேர்களுக்கு நடுவே புத்தர் தலை ஒன்று இருக்கிறது. அதன்முன் பன்னிரண்டு ஜோடிகளையும் உட்கார வைத்துப் படம் எடுத்து, அடுத்த வருஷக் காலண்டரில் போடப் போகிறார்கள். கடையில் அதற்குச் சுவர் ஒதுக்கி ஆணியும் அடித்துவிட்டு வந்திருந்தார்.

"எல்லாரும் சோடியா உக்காருவாங்க. நான் மட்டும் ஒத்தையிலயா?"

"அந்த மோட்டார் வித்ததுல பாதி மாரிச்சாமி கைராசி. அவனை வேணா பக்கத்துல உக்கார வைங்க."

"அவன் பேரை எடுக்காதேன்னு..."

"சரி, எடுக்கல."

மாரிச்சாமி அவர் கடையில் காயில் கட்டியவன். எரிந்த மோட்டாரைத் திறந்து பார்த்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, மறுநாளே கிணற்றில் ஓட வைப்பான். மம்சாபுரம், மகாராஜபுரம் தோட்டக்காரர்கள் அவனை நம்பித்தான் அந்தக் கடையில் மோட்டார் வாங்கினார்கள். போன மார்கழியில் வேங்கடேசனின் ஒரே மகள் வஞ்சுளவல்லி அவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். சேதி வந்த அன்று வேங்கடேசன் கிணற்றடியில் நின்று இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். எம்மக செத்துட்டா என்றார். தெருவே கேட்டது.

அம்புஜவல்லியும் கேட்டாள். அவளும் தலைமுழுகினாள். அன்றிலிருந்து சாவு வீட்டு வழக்கம் ஒன்று குறையாமல் நடத்திவருகிறாள். தைப் பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. வாசலில் கோலம் இல்லை, தலையில் பூ இல்லை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வடம் தொடப் போகவில்லை. அழவும் இல்லை. அரிசி களைகிற மாதிரி அதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். முதலில் அவருக்கு அது துக்கமாகத் தெரிந்தது. பங்குனி வாக்கில்தான் புரிந்தது. நிறுத்து என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால், மகள் இருக்கிறாள் என்று முதலில் அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"இம்புட்டு தூரம் ப்ளேன்ல கூட்டிட்டு வந்தீய," என்றாள் அம்புஜவல்லி. "அங்க ஸ்ரீவில்லிபுத்தூரு பதினோரு கிலோமீட்டர்தான். டவுன் பஸ் போவுது. வார வெள்ளிக்கிழமை ஏழாம் மாசம் வளைகாப்பு. மாரிச்... அந்தப் பையனோட அம்மா ஆள் அனுப்பிச்சிருந்தா. பெத்தவ வந்து முத வளையல் போடணும்னா."

"செத்தவளுக்கு என்னட்டி வளைகாப்பு?"

"அதான் போவாம இருக்கேன். கோயிலுக்கும் வராம இருக்கேன்."

வழிகாட்டி ரத்தினம் ஆரஞ்சுக் கொடியோடு படியேறி வந்தான். பாங்காக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவன் தமிழ் தேர் நிலை சேர்வதுபோல நிறுத்தி நிறுத்தி வரும்.

"அம்மா இறங்கலையா? படம் பிடிக்க எல்லாரும் வெயிட்டிங்."

"கோயிலுக்குள்ள வரக்கூடாது தம்பி. வழக்கம்."

"இது கோயில் இல்லை அம்மா. முன்னே கோயில். பர்மாக்காரங்க வந்து எரிச்சு இருநூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு. பூஜை கிடையாது. சாமிங்களுக்குத் தலையே கிடையாது, வெட்டிட்டாங்க."

"வெட்டினவங்க அப்புறம் தலைமுழுகினாங்களா?"

ரத்தினத்துக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தான். "அது புத்தகத்திலே இல்லை அம்மா."

கோவில்பட்டிக் கடைக்காரர் மலைச்சாமியின் மனைவி சுந்தரம்மாள் அவன் பின்னாலேயே ஏறி வந்தாள். மூன்று நாளாக அம்புஜவல்லிக்கு அடுத்த சீட்டு.

"என்ன மதினி, அண்ணாச்சி கூட சண்டையா? அங்க மரத்துக்கு முன்னால எல்லாரும் குத்தவச்சே உக்காரணுமாம், அந்தத் தலைக்கு மேல நம்ம தலை இருக்கக்கூடாதாம். எங்க வீட்டு அவிய உக்காந்தா எந்திரிக்க மாட்டாவ, கிரேன் வேணும். வாங்க, வந்து வேடிக்கை பாருங்க."

"வருஷம் திரும்பல சுந்தரம். எட்டு மாசம்தான் ஆவுது."

சுந்தரம்மாளின் சிரிப்பு நின்றது. "யாரு மதினி?"

"மக."

வேங்கடேசன் வாயைத் திறந்தார். சுந்தரம்மாள் அதற்குள் கீழே இறங்கியிருந்தாள்.

அவரும் இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது. கார் நிறுத்துகிற அந்தத் திடலில் மலைச்சாமி அவரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். தலையில் இருந்த ஓலைத் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வந்து நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர் நீட்டிய கையைத் தொடாமல் இருக்க முடியாது. வேங்கடேசன் தொட்டார்.

மலைச்சாமிக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். தூத்துக்குடிக்காரர், தேனிக்காரர், சாத்தூர்க்காரர். கழுத்தில் கேமரா தொங்க, கையில் இளநீர் பிடித்தபடி வந்தவர்கள் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கை நீட்டினார்கள். பதினோரு பேர். பதினோரு தடவையும் அவர் தொட்டார். பெண்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏறி அம்புஜவல்லி பக்கத்தில் செத்த நேரம் உட்கார்ந்து எழுந்தார்கள். ரத்தினம் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இது டூரில் எந்தப் பகுதி என்று தெரியாமல் நின்றான்.

"மூணு நாளா கேலியும் கிண்டலுமா இருந்துட்டோம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லலியே நீரு," என்றார் மலைச்சாமி. "என்ன வயசு?"

"இருபத்தொண்ணு."

"படுத்துக் கிடந்துச்சோ?"

"இல்ல. திடீர்னு."

"ஒரே பிள்ளையா?"

"ஆமா."

"மார்கழில வருஷத் திவசம் வரும்லா. ஒரு கார்டு போடும், நாங்க அம்புட்டுப் பேரும் வேன் பிடிச்சு வந்துருதோம்."

வேங்கடேசன் தலையாட்டினார்.

கம்பெனி ஆள் கூப்பிட்டார். எல்லோரும் செங்கல் பாதையில் நடந்தார்கள். வேங்கடேசனும் போனார். வேர்களுக்கு நடுவே அந்தத் தலை இருந்தது. கண் பாதி மூடி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், எப்போதோ யாரோ வைத்துவிட்டு மறந்த சாமான் மாதிரி. ஜோடி ஜோடியாகக் குத்தவைத்தார்கள். ஓரத்தில் இடம் பார்த்து அவரும் முழங்காலை மடக்கினார்.

"அண்ணாச்சி," என்று மலைச்சாமி தணிந்த குரலில் சொன்னார். "நீரு வேண்டாம். துக்கத்துல இருக்கவர கூட வச்சுப் படம் பிடிச்சா நல்லா இருக்காது. காலண்டரு வருஷம் பூரா தொங்கும். மதினி வேற தனியா இருக்காவ. நீரு போயி பக்கத்துல இரும்."

கம்பெனி ஆளும் அதையே விரும்புவதுபோல் கேமராவைத் துடைத்தார்.

வேங்கடேசன் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டவில்லை. திரும்பி வருகிற வழியில் இரண்டு பக்கமும் தலையில்லாத சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரிடமும் போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. துஷ்டியில் அதைச் சொல்லக்கூடாது.

பஸ்ஸுக்குள் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அம்புஜவல்லி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். தூரத்தில் கம்பெனி ஆள் கையை உயர்த்துவதும், பதினோரு ஜோடிகள் அசையாமல் இருப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது.

"படம் எடுத்தாச்சா?"

"எடுக்காங்க."

"தண்ணி குடிக்கீயளா?"

"வேண்டாம்."

அவள் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் தமது இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்திருந்தார், ஈரம் காய வைப்பவர் போல.

"சுந்தரம் சொல்லிட்டுப் போனா, திவசத்துக்கு எல்லாரும் வாராங்களாம்," என்றாள் அம்புஜவல்லி. "நீங்க சரின்னுட்டியளாம். நாம புதன்கிழமை ஊருக்குப் போயிருவோம். வெள்ளிக்கிழமைக்கு நான் வளையல் வாங்கட்டா, இல்ல மார்கழிக்கு ஐயரைச் சொல்லி வைக்கட்டா?"