இந்த வருட ஜாமுக்குப் பெயர்

போர்ட்கார்ன் ஊரில் ஒருவர் வாய்விட்டு ஒன்றைப் பாராட்டி நாற்பது வருடம் இருக்கும். அவருக்கும் அன்றைக்குக் கடுமையான காய்ச்சல். மற்றபடி நாள் முழுக்க வெயில் அடித்தாலும் "மோசமில்ல" என்பதோடு அந்த ஊர் நிறுத்திக்கொள்ளும். மட்டமானதைச் சொல்வதற்கு மட்டும் கடலில் மீன் கிடப்பதுபோல் சொற்கள் கிடக்கும்.

அத்தனையையும் வாயில் வைத்திருந்தவர் டூகல் மில்ன். உருளைக்கிழங்கு வியாபாரத்தை விட்டு ஓய்ந்தவர். ஆகஸ்ட் கண்காட்சியில் ஜாமுக்கு நடுவர். அவர் ஓரக்கண்ணால் பார்த்தாலே பாட்டிலுக்குள் ஜாம் சுருண்டுகொள்ளும்.

எல்ஸ்பெத் ரென்னிக்கு வருடம் தவறாமல் திட்டு விழும். ஒரு வருடம், ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டில் அவள் கிண்டிய ஜாம் 'வெர்ஷ்', அதாவது ஊர்ப் பேச்சில் உப்புச்சப்பில்லாதது. இன்னொரு வருடம் 'ஷில்பிட்', நோயில் கிடந்து எழுந்த நோஞ்சான். 'ஷார்கர்' ஆன வருடமும் உண்டு. பன்றி ஈன்றதில் தேறாத குட்டிக்குச் சொல்வது அது. அவள் கணவன் டேவி விழுந்து விழுந்து சிரிப்பான். அன்று சாயங்காலமே அந்தச் சொல்லை எல்லா மூடிகளிலும் எழுதிவிடுவான். குளிர்காலம் முழுக்கக் காலை மேசையில், "அந்த ஷில்பிட்ட இப்படித் தள்ளு" என்பான். பாட்டிலின் அடிவரை விரல் விட்டு வழித்துத் தின்பான்.

டேவி இந்த மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து ஊரே அவளிடம் குரல் தாழ்த்திப் பேசியது. கசாப்புக்காரர்கூட எலும்பைத் தள்ளிவிட்டுக் கறி நிறுத்தார். அலமாரியில் இந்த வருட ஜாம் வெறும் மூடியோடு நின்றது. டூகல் மட்டுமாவது மாறியிருக்க மாட்டார், ஒரு பெயர் கிடைக்கும் என்று நம்பித்தான் எல்ஸ்பெத் ஒரு பாட்டிலோடு கண்காட்சி மண்டபத்துக்கு வந்தாள்.

டூகல் கரண்டியை வாயில் வைத்தார். விழுங்கினார்.

"நல்லா இருக்கு."

மண்டபத்தில் யாரோ கையிலிருந்த கேக்கைக் கீழே போட்டார்கள்.

"என்ன சொன்ன?" என்றாள் எல்ஸ்பெத்.

"நல்லா இருக்குன்னேன். முதல் பரிசே குடுக்கலாம்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, டூகல்."

அவர் மேசை விரிப்பைப் பார்த்தார். "நீயே நொந்து போய் வந்திருக்க..."

"நொந்து போனது நான். ஜாம் இல்ல." அவள் பாட்டில் மூடியைக் காட்டினாள். "மூடியில நான் என்னன்னு எழுதுவேன்? 'நல்லா இருக்கு'ன்னா? யாரு வீட்டு ஜாம் இதுன்னு டேவி கல்லறையில இருந்து எழுந்து வந்து கேப்பான்."

ஓட்ஸ் ரொட்டித் தட்டோடு நின்ற பெக்கி லோரிமர் முணுமுணுத்தாள். "எனக்கு ஒரு தடவ அப்படிச் சொல்லியிருந்தா நான் ஆடியிருப்பேன்."

"உன் ரொட்டிய வெச்சுப் படகு ஓட்டைய அடைக்கலாம். நீ சும்மா இரு," என்றார் டூகல். அதைச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

மறுபடி கரண்டி நிறைய எடுத்தார். இந்தமுறை மென்று, நாக்கில் உருட்டி, முகம் கோணினார். அறுபது வருடத்துச் சொற்களை அடிவரைக்கும் கிளறினார்.

"ஃபூஷன்லெஸ்," என்றார் கடைசியில்.

மண்டபம் மூச்சுவிட்டது. அந்தச் சொல் காதில் விழுந்து எத்தனையோ காலம்.

"சாரமே இல்ல, எல்ஸ்பெத். தண்டு இருக்கு, சக்கரை இருக்கு, உசுரு இல்ல. கிண்டுனவ மனசு சட்டியில இல்ல."

"இல்லதான்," என்றாள் அவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். டூகல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியில் அழுத்தி எழுதினாள்.

"அடுத்த வருஷம் இதவிட மட்டமா கொண்டுவந்தா எங்கிட்ட வார்த்த இல்ல," என்றார்.

"தேடி வெய்யி," என்று சொல்லிவிட்டு மூடியை இறுக்கித் திருகினாள் எல்ஸ்பெத்.